வெண்டை விதைக்க ஒரு பிவிசி குழாய்

போர்வெல் போட்டபோது மிச்சமான பிவிசி குழாய் ஒன்று மோட்டார் கொட்டகை ஓரமாகக் கிடந்தது. வெண்டை விதைக்கிற நாளில் அதை என் இடுப்பளவுக்கு நறுக்கி, ஒரு முனையைச் சாய்வாக அறுத்தேன். கூர்முனையை மண்ணில் குத்தி, மேல்வாயில் இரண்டு விதை போட்டால் நேராகக் குழிக்குள் விழும். குழாயை உருவிவிட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிடலாம். குனியவே வேண்டாம். ஒரே ஒரு தொல்லை, ஈரமண்ணாக இருந்தால் பத்து குத்துக்கு ஒருமுறை கீழ்வாயில் மண் அடைத்துக்கொள்ளும்.

இதை நாலு பேருக்குச் சொல்லலாம், அடைப்புக்கும் யாராவது வழி சொல்வார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் ஆரம்பித்தது தலைவலி.

ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இன்னும் நிலத்தை விற்காமல் வைத்திருக்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. உரக்கடைக்காரர்தான் அட்மின். ஷிப்ட் முடிந்து வந்த கணவரைத் தூங்கவிடாமல் கொல்லைக்கு இழுத்துப் போய் வீடியோ எடுக்கச் சொல்லி, அடைப்பு விஷயத்தையும் கீழே எழுதிப் போட்டேன். கட்டைவிரல் படங்களாக வந்து விழுந்தன. ஒருவர் "ரேட் இன்னா?" என்று கேட்டார். விலைக்கு இல்லை, பழைய குழாயை நீங்களே அறுத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். அடுத்தவர், "கொரியர் உண்டா?" என்றார். நடுவே ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம். அடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஓசின்னா எவனும் மதிக்க மாட்டான். ஸ்டிக்கர் ஒட்டி வித்துடு" என்றார் கணவர். அன்றைக்கு அவருக்கு டீ போட்டுத் தரவில்லை.

பிறகு அட்மின் போன் செய்தார். "நேர்ல காட்டினாதாம்மா ஜனங்க நம்பும். ஞாயித்துக்கெழம மண்டபத்துல டெமோ வச்சிக்கலாம்."

"மண்டபத்துலயா? எங்க கொல்லையில வச்சிக்கினா ஆவாதா?"

"சேர் போடணும், ஃபேன் வேணும். பெரிய மனுசங்க வராங்கம்மா."

போனேன். மண்டபம் முழுக்க வழவழவென்று டைல்ஸ். பெரிய மனுசர் வரும்வரை இரண்டு மணி நேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "எங்கங்க குத்துறது?" என்று கேட்ட பிறகுதான் அட்மினுக்கு உறைத்தது. வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கி வந்து மேடையில் வைத்தார்கள். குத்தினேன். வேரில் இடித்து நின்றது. விதை இரண்டும் டைல்ஸில் உருண்டோடின. எல்லோரும் சிரித்தார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசராம், ஒருவர் எழுந்தார். "டிராயிங் இருக்குதாக்கா? டைமென்ஷன் இல்லாம எப்பிடி செய்றது?"

"உன் இடுப்பு எங்க கீதோ, அதாம்பா டைமென்ஷன்" என்றேன்.

சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். சாயங்காலம் அது குரூப்பில் வந்தது. நான் இருந்தேன், சால்வை இருந்தது, பெரிய மனுசர் இருந்தார். குழாயைக் காணோம்.

அடுத்த மாதம் பஸ்ஸில் வாலாஜாபாத் போகும்போது, ஒரு குடோன் சுவரை ஒட்டிய கொல்லையில் ஒரு பெண் நின்றபடியே குழாயால் விதைப்பதைப் பார்த்தேன். அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கித் திரும்ப நடந்தேன். சேலைமேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள், என்னைவிடப் பெரியவள். அவள் குழாயோடு சேர்த்து ஓர் இரும்பு முளையை சைக்கிள் டியூபால் இறுகக் கட்டியிருந்தாள். முளை இரண்டு விரல் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. முளைதான் குழி போட்டது. குழாய் மண்ணைத் தொடவே இல்லை.

"எங்க கத்துக்கினீங்கக்கா?"

"எங்க நாத்தனா போன்ல காட்டிச்சி. அதுல எவளோ ஒருத்தி வெறுங்குழாய வச்சி குத்திகினு கீறா. மண்ணு அடச்சிக்காதா? அறிவு வாணாம்?"

"அந்த எவளோ நான்தான்க்கா."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். வெட்கப்படவெல்லாம் இல்லை. "அப்ப நீயே குத்திப் பாரு" என்று குழாயைக் கையில் கொடுத்தாள்.

வரப்பிலிருந்து வரப்புவரை ஒரு சால் முழுக்கப் போட்டேன். ஒருமுறைகூட அடைக்கவில்லை. இதைத்தானே அத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இத குரூப்ல போடலாம்க்கா."

"குரூப்பெல்லாம் எனக்கு வாணாம். வேணுங்கறவங்க வெதைக்கிற அன்னிக்கி வரட்டும். ஆளுக்கு ரெண்டு சால் போட்டுட்டுப் போவட்டும்."

மனசு கேட்காமல், அவள் குழாயைப் படம் எடுத்து நானே குரூப்பில் போட்டேன். "இது பழசு, ஏற்கெனவே வந்துடுச்சி" என்று உடனே பதில் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அவள் மீதி நிலத்தை விதைத்த அன்று, எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேரை ஷேர் ஆட்டோவில் அழைத்துப் போனேன். ஆளுக்கு இரண்டு சால் போட்டோம். அவர்கள் இருவரும் அந்த வாரமே ஆளுக்கொரு குழாய் கட்டிக்கொண்டார்கள். அவளோ அன்றைக்கு நாங்கள் கிளம்பும்வரை, நான் போட்ட சாலைக் காட்டித் திட்டிக்கொண்டிருந்தாள்: "ஒரு ஜாண் வுட்டுப் போடுன்னா, ஒன்னர ஜாண் வுட்டுகினு கீற."