நீடலகோனாவின் இரண்டு அஸ்தமனங்கள்

டீயை விட்டவர்கள் உலகத்தில் பலர் உண்டு. டீயை விட்ட டீ மாஸ்டர் அநேகமாக ஒருவர்தான். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டிருந்த அருள்குமார் அந்த ஒருவர். அவர் கடையில் குடிக்காமல் மலையேறிய பக்தர்கள் பாதிப் படியில் வருந்தியதாக அவரே சொல்லிக்கொள்வார். வயிற்றுப் புண்ணுக்காக, அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் புத்தூரில் நடத்திய மருத்துவ முகாமுக்குப் போனார். டீ, காபி, பீடி, கறி எல்லாவற்றையும் விடச் சொன்னார்கள். விட்டார். புண் ஆறியது. அந்த வேகத்தில் ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டார். தான் தொடாததை ஊருக்கு ஊற்றிக் கொடுப்பது எப்படி என்ற தர்மசங்கடம் எழவே, கடையையும் மூடினார். அதோடு நிற்காமல், காட்டுக்குப் போய் ஊழியம் செய்யப் பெயர் கொடுத்தார்.

"ஊரு ஜனமெல்லாம் வேல தேடிக்கினு திருப்பதிக்கு வருது. நீ இருந்த கடைய மூடிட்டு காட்டுக்குப் போறேன்ற," என்றாள் ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை பார்க்கும் மனைவி பிரமிளா. "கொரங்குக்கு டீ ஆத்தப் போறியா?"

"டீ இல்ல பிரமிளா. சத்தியம்."

"சத்தியத்துக்குச் சக்கர எவ்ளோ போடுவ?"

அருள்குமார் பெட்டியைக் கட்டினார்.

சித்தூருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் இருந்தது பயிற்சி முகாம். பாஸ்டர் படிப்பு இல்லாத சாதாரண விசுவாசிகளைக் காட்டு ஊர்களுக்குத் தயார் செய்து அனுப்பும் இடம். லாரி கிளீனர்கூட அங்கே மூன்றே வாரத்தில் வேத வசனத்தோடு குழிக் கக்கூஸ் வெட்டவும் கற்றுக்கொண்டார். வைத்தியப் பாடம் நர்ஸ் சபீனாவுடையது. சுடுதண்ணீர் ஒத்தடம் என்று வந்துவிட்டால் அருள்குமாரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வெந்நீரும் பாத்திரமும் கையில் சேர்ந்ததும், கை தானாக ஒரு முழம் உயர்ந்து ஆற்ற ஆரம்பித்துவிடும்.

"பிரதர், அது ஒத்தடம். நொர வரவேணாம்," என்றாள் சபீனா.

கடைசி நாள் அவள் இரண்டு விஷயம் சொன்னாள். "ஊர்க்காரங்க வழக்கம் இன்னான்னு மொதல்ல கேட்டுக்கோங்க. அப்புறம் ஓய்வுநாள். வெள்ளிக்கெழம சூரியன் மறைஞ்சா சனிக்கெழம சூரியன் மறையறவரைக்கும் வேல கெடையாது. சிக்னல் இல்லாத எடத்துல கண்ணால பாருங்க. சூரியன் போச்சா, கைல இருக்கறத கீழ வெச்சுடுங்க."

இரண்டாவதை அருள்குமார் மனப்பாடம் செய்தார். முதலாவதற்குப் பலமாகத் தலையாட்டினார்.

ஜீப் தலைக்கோனாப் பக்கம் இறக்கிவிட்டது. பிறகு நடை. வாழ்நாளெல்லாம் திருப்பதி மலையின் முகத்தைக் கீழிருந்து பார்த்து டீ ஆற்றியவர், அதன் முதுகை இப்போதுதான் பார்த்தார். செம்பாறைகள் கோபுரங்களைக் கேலி செய்யும் உயரத்தில் நின்றன. அருவிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. வழிநெடுக அண்ணாந்து பார்த்தே நடந்தார்.

ஊர் பெயர் நீடலகோனா. தெலுங்கில் நிழல்களின் பள்ளத்தாக்கு. பெயர் வைத்தவர் காரணத்தோடுதான் வைத்திருந்தார், அருள்குமார் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் வந்ததிலிருந்து ஒரே மேகமூட்டம், சூரியன் தலைகாட்டவில்லை. வெள்ளிக்கிழமைதான் வானம் திறந்தது.

அன்று கிருஷ்ணம்மாவின் குடிசைக்குக் கூரை போட்டார்கள். பழைய கூரையைக் காற்று கொண்டுபோயிருந்தது. அவள் கையில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. கிழக்கே மறுபடி கருமேகம் கட்டிக்கொண்டிருந்தது. அருள்குமாரும் மேலே ஏறி, புல்லை வாங்கி வாங்கிக் கட்டினார். பாதிக் கூரை முடிந்தபோது சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போய்விட்டது. பிற்பகல்தான், நல்ல வெளிச்சம். ஆனால் சூரியன் போச்சு. அருள்குமார் புல்லைக் கீழே வைத்து, கைகூப்பி, பக்தியோடு ஏணியில் இறங்கினார்.

மேலே இருந்த அத்தனை பேரும் இறங்கினார்கள்.

"நீங்க ஏன் எறங்கறீங்க?" என்று தனக்குத் தெரிந்த கடைத் தெலுங்கில் கேட்டார்.

"கூரமேலருந்து ஒருத்தர் பாதியில எறங்கினா எல்லாரும் எறங்கணும்," என்றான் கிருஷ்ணம்மாவின் கணவன் வேணு. "எறங்கினவர் மொதல்ல ஏறாம அந்தக் கூரைய யாரும் தொடக்கூடாது. எங்க வழக்கம். நீ ஏண்ணா எறங்கின?"

சபீனாவிடம் தலையாட்டிய அந்த முதல் விஷயம் அருள்குமாருக்கு இப்போது ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் வாக்குக் கொடுத்த ஓய்வுநாள். இன்னொரு பக்கம் பாதிக் கூரை, பச்சைக் குழந்தை, வரும் மழை. சூரியன் மறைந்தால் தன் கடவுளுக்கான நாள் தொடங்குகிறது, அதில் வேலை கூடாது என்று விளக்கினார். சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

கிருஷ்ணம்மா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "மறைஞ்சது எங்க சூரியன்தானே? மலைக்கு அந்தாண்ட இன்னும் இருக்குமே. உங்க சாமி எந்தப் பக்கத்துலருந்து பாக்கறாரு?"

அருள்குமார் மேற்கு மலையை அண்ணாந்து பார்த்தார்.

"மேல போய்ப் பாத்தா தெரிஞ்சுடுது," என்று வேணு மலையேறினான். பாறையிலிருந்து பாறைக்கு அவன் தாவியதைப் பார்க்கவே அருள்குமாருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரத்தில் உச்சியிலிருந்து குரல் இறங்கி வந்தது. "உந்தண்ணா! உந்தி!"

இருக்கிறது.

அருள்குமார் ஏணியை நோக்கி ஓடி முதலில் ஏறினார்; மற்றவர்களும் பின்னாலேயே ஏறினார்கள். டீக்கடையில் கூட்டம் நெரித்த நாட்களில்கூட அவர் கை அப்படி ஓடியதில்லை. இடையிடையே மலைமேலிருந்து "உந்தி, உந்தி" என்று வந்துகொண்டே இருந்தது. அந்தச் சாமியைக் கும்பிடாதவன், அந்தச் சாமியின் நாளுக்குக் காவல் நின்றான். அருள்குமாருக்குக் கண் கலங்கியது. புல் தூசி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

மேற்கு மூலையில் ஒரே ஒரு கட்டு பாக்கி இருந்தபோது, "போயிந்தி," என்று வந்தது. போய்விட்டது.

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லோரும் புல்லைக் கீழே வைத்திருந்தார்கள். பள்ளத்தாக்கே வேலையை நிறுத்தியது போல் இருந்தது. அருவி மட்டும் ஓய்வுநாளை மீறிக்கொண்டிருந்தது.

மழை வந்தது. எல்லோரும் புதுக் கூரைக்கு அடியில் நெருக்கிக்கொண்டார்கள். குழந்தை காய்ந்த இடத்தில் தூங்கியது. பாக்கியிருந்த மூலை ஒழுகியது. அந்த ஒழுகலுக்கு நேர்கீழே, இடம் கேட்டு வாங்கி, அருள்குமார் உட்கார்ந்தார்.

"இனிமே வெள்ளிக்கெழம வேலன்னா காலைலயே ஆரம்பிச்சுக்கலாம்ணா," என்றாள் கிருஷ்ணம்மா, அவர் தலையில் கவிழ்த்துக்கொள்ள ஒரு சட்டியை நீட்டியபடி.