எல்லா அறைக்கும் ஒரே சாம்பல்

ஹௌகசுண்ட் துறைமுகத்தில் ஆயுள் முழுக்கக் கப்பல்களுக்குப் பெயிண்ட் அடித்தவர் டோர்லைஃப். வீட்டுச் சுவர்களின் நிறத்தை மட்டும் அவர் மனைவி, என் தோழி சிக்ரிட்தான் முடிவு செய்வாள். சமையலறைக்கு மஞ்சள், படுக்கையறைக்கு நீலம், நடைக்குப் பச்சை. "உங்க கப்பல் சாம்பலை வாசலோட விட்டுட்டு வாங்க" என்று கேலி செய்வாள்.

வயதாகி அவளுக்கு நினைவு மங்கத் தொடங்கியபின், நிறம் மாறும் ஒவ்வொரு அறை வாசலிலும் அவள் மிரண்டு நின்றாள். "இது யாரு வீடு? வாங்க, நம்ம வீட்டுக்குப் போயிடலாம்" என்று அழுதாள். முதியோர் இல்லத்துக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அவள் ஆசைப்பட்டு அடிக்கச் சொன்ன நிறங்களின் மேல், வீடு முழுக்க, எந்த அறையிலும் வெளிறியோ இருண்டோ தெரியாத ஒரே சாம்பலை அவரே அடித்தார்.

வேலை முடிந்த அன்று நானும் அங்கே இருந்தேன். சிக்ரிட் எந்த வாசலிலும் தயங்காமல் அறை அறையாக நடந்தாள். டோர்லைஃப் சிரித்தேவிட்டார். பெயிண்ட் படிந்த அவருடைய கைகளை அவள் பார்த்தாள்.

"நல்லா அடிச்சிருக்கீங்க பெயிண்டரே. காப்பி குடிச்சிட்டுப் போங்க. என் வீட்டுக்காரர் இப்ப வந்துடுவாரு."

"சரிங்கம்மா" என்று சொல்லி, தன் வீட்டு நாற்காலியின் நுனியில் விருந்தாளியைப் போல உட்கார்ந்தார்.