அம்முவின் இடது தாடை

அறியாமல் கழித்த நாட்களுக்கு ஒரு தாய் பொறுப்பாவாளா? பேராச்சியிடம் இதை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் யாரோ கேட்டுவிட்டதைப் போலத்தான் அவள் நடந்துகொண்டாள்.

தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. நான்கு வயது மகள் அம்முவின் இடது தாடை வீங்கியதும் பொன்னுக்கு வீங்கி என்று நினைத்தாள். ஊர் வழக்கப்படி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளையின் கழுத்தில் போட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள்.

"தங்கம் விக்கிற வெலைல ஒம் மவ மகாராணிதாம்ட்டி," என்று பக்கத்து வீட்டுப் பிரேமலதா சிரித்தாள்.

காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. பேராச்சி அதை நல்ல குறியாக எடுத்துக்கொண்டாள். வாரங்கள் போயின. ஒரு காலையில் பல் தேய்த்துவிடும்போது பிள்ளையின் கடைவாய்ப்பல் ஆடியது. வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள். கல்லாக இருந்தது.

செம்பூரில் தாடை அறுவை மருத்துவர் சாருலதா ஸ்கேன் படத்தைக் காட்டினார். எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாகக் குழி. சதைத் துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை பேராச்சி சோற்றைக் கூழாகப் பிசைந்து ஊட்டினாள். சிரித்தால் எலும்பு முறிந்துவிடுமோ என்று, பிள்ளைக்கு விளையாட்டுக் காட்ட வந்த பிரேமலதாவையும் விரட்டினாள்.

"கேன்சர் இல்லம்மா. ஆனா எலும்ப அரிச்சுண்டே போற கட்டி. கொழந்தேளுக்கு ரொம்ப அபூர்வமா வரும்," என்றார் மருத்துவர்.

"முன்னாடியே கொண்டாந்திருந்தா?"

"சின்னதா இருந்திருக்கும்."

இரண்டு வழிகள் இருந்தன. கட்டியை மட்டும் சுரண்டி எடுத்தால் முகம் தப்பும், ஆனால் கட்டி திரும்ப வரலாம். தாடையின் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் முகம் கோணும். வளர வளர மறுபடியும் அறுவைசிகிச்சைகள் வேண்டியிருக்கும்.

"சொரண்டியே எடுக்கச் சொல்லுவோம்ளா. பொம்பளப் பிள்ள மொகம்லா," என்றான் கணவன் தளவாய். வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் பிள்ளையின் வீங்கிய பக்கம் இடிபடாமல் மடியில் கிடத்திக்கொண்டாள்.

அடுத்தமுறை மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொன்னாள்: "எலும்போடயே எடுத்துருங்கம்மா."

"ஏளா, என்ன சொல்லுத?"

அவள் அவன் பக்கம் திரும்பாமல் அதையே மறுபடி சொன்னாள். ஏன் என்று தளவாய் அன்றும் கேட்டான், பிறகும் பலமுறை கேட்டான். இனி ஒரு நாளும் அறியாமல் கழியக்கூடாது என்பதுதான் காரணம் என்று அவள் சொல்லவே இல்லை.