நீருக்கு எதிர் பாறை

வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ராசாங்கம் வெட்டிய கேணி ஒன்றாவது இருக்கும். எண்பத்து நாலாம் வருஷத்துக்குள் அவர் அறுபத்தொரு கேணி வெட்டியிருந்தார். ஐம்பத்து மூன்றில் தண்ணீர் இருந்தது. மீதி எட்டைப் பற்றி யாராவது கேட்டால், "அதெல்லாம் பாறைக்குன்னு எழுதி வச்சது" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கேணி வெட்டுகிறவருக்கு நிலையான ஊர் கிடையாது. ஒரு கேணிக்கு நாலு மாதம், மிஞ்சினால் ஐந்து மாதம். முடிந்ததும் கடப்பாரை, சம்மட்டி, சட்டி பானை, பெண்டாட்டி இருசம்மாள், மகள் வேம்பு எல்லாம் அடுத்த கேணிக்கரைக்குப் போயாக வேண்டும். இதனால் வேம்பு ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஏழு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். ஏழிலும் அவள்தான் முதல் மார்க்கு என்று சொல்லிவிட முடியாது. மூன்றில் பரீட்சை வருவதற்குள் கேணி முடிந்துவிட்டது.

ஏழாவது பள்ளிக்கூடத்தில் இளையபெருமாள் வாத்தியார் இருந்தார். அவர் ஒருநாள் கேணிக்கரைக்கே வந்து, மேலே நின்றபடி குனிந்து, இருபத்தெட்டு அடி ஆழத்தில் இருந்த ராசாங்கத்திடம் விஷயத்தைச் சொன்னார். திருச்சியில் விடுதியோடு ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். பெரம்பலூர், அரியலூர் இரண்டு தாலுகாவுக்கும் சேர்த்து ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு இலவச இடம். சித்திரையில் அரியலூரில் பரீட்சை.

"கெடைச்சா பத்தாவது வரைக்கும் ஒரே பள்ளிக்கூடம், ராசாங்கம்."

"கெடைக்கலன்னா?"

"அது உங்களுக்கே தெரியுமே."

ராசாங்கத்துக்குத் தெரியும். அந்த வயதில் கேணிக்கரைப் பெண்கள் தலையில் மண்கூடை ஏறும். இருசம்மாளுக்கு ஒன்பது வயதில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

வாத்தியார் ஒரு பழைய வழிகாட்டிப் புத்தகம் கொடுத்தார். கணக்கை வேம்பு தானே பார்த்துக்கொண்டாள். ஒத்த ஜோடி காண்பது என்று ஒரு பகுதி இருந்தது. அதில்தான் சிக்கல். 'உயர்வு : தாழ்வு, வெற்றி : ?' என்று கேட்டு, கீழே நாலு சொல் போட்டிருப்பார்கள். முதல் ஜோடி எதிரும் எதிருமாக இருந்தால் இரண்டாவதும் அப்படியே இருக்க வேண்டும். இப்படி இருநூறு கேள்வி. விடை சரியா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். கேணியில் ஆறு ஆள் இருந்தார்கள்.

அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் வேம்பு கேணிக்கரையில் உட்கார்ந்து கேள்வியைக் கீழே கத்துவாள். விடை கீழேயிருந்து வரும்.

"பகல் ராத்திரி. கோடைக்கு என்ன?"

"கோடைக்கு எதிரு அடுத்த கோடை," என்றார் பாவாடை. அவர் இருசம்மாளின் அண்ணன், ராசாங்கத்துக்கு மச்சான். "நம்ம பக்கம் வேற என்னா இருக்கு?"

"மாரின்னு போட்டிருக்கு மாமா."

"போட்டவன் தஞ்சாவூர்க்காரனா இருப்பான்."

"இன்பம் துன்பம். உறவுக்கு?"

"மச்சான்," என்றார் ராசாங்கம், சம்மட்டியை நிறுத்தாமல்.

"பகைன்னு போட்டிருக்குப்பா."

"நானும் அதத்தானே சொன்னேன்."

ராசாங்கத்துக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த எதிர் விவகாரம் அவருக்கு நாலே நாளில் பிடிபட்டுவிட்டது. கேணியில் எவ்வளவு பள்ளம் விழுகிறதோ அவ்வளவு மேடு கரையில் நிற்கும். எந்தச் சொல்லையும் அப்படிப் பார்த்தார். இந்தப் பக்கம் தோண்டினது அந்தப் பக்கம் எங்கே குவிந்திருக்கிறது என்று தேடினால் விடை கிடைத்தது. ஏமாற்றுகிற சொற்களையும் கண்டுகொண்டார். வெற்றிக்கு எதிர் கேட்டுவிட்டு, நாலில் ஒன்றாக 'ஜெயம்' என்று வைத்திருப்பார்கள். "அது பொய் ஈரம், ஆத்தா. மழைத்தண்ணி பாறையில கசிஞ்சு ஊத்து மாதிரி காட்டும். கைய வச்சா காஞ்சிடும். அதத் தொடாதே."

வேம்பு அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்: பொய் ஈரம் தொடக்கூடாது.

பங்குனியில் வாத்தியார் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார். ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. போன ஒரு மார்க்கை விசாரிக்க ராசாங்கம் இடுப்பு வேட்டியில் மண்ணோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

"நீருக்கு எதிர் பாறைன்னு குறிச்சிருக்கா," என்றார் வாத்தியார். "யார் சொன்னது?"

"நான்தானுங்க. இருபது வருசமா தண்ணிக்கு எதிர்ல நிக்கிறது அதுதானுங்களே."

"அது உங்களுக்கு எதிர்ல நிக்கிறது. நீருக்கு எதிர் நெருப்பு."

ராசாங்கம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஆனால் சொல் உள்ளே போய்விட்டது.

விஷயம் இதுதான். பாறை வந்துவிட்டால் குழி போட்டு, தோட்டா வைத்து, திரி கொளுத்தி உடைக்க வேண்டும். தோட்டா குழிக்குள் இறங்கியதிலிருந்து வேட்டு வெடித்து முடிகிறவரை அந்தச் சொல்லைக் கேணிக்காரர்கள் சொல்லவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். அவசியமென்றால் 'செவப்பு' என்பார்கள். தீப்பெட்டி செவப்புப்பெட்டி. ஒன்பது வருஷத்துக்கு முன் செட்டிகுளத்துப் பக்கம் ஒரு கேணியில், தோட்டா இறங்கியிருந்த நேரத்தில் பாவாடை பீடியை வாயில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்லிப் பெட்டி கேட்டார். கேட்டது வலது கையை நீட்டி. அந்தக் கையில் இப்போது மூன்று விரல். மேஸ்திரியான ராசாங்கத்தின் காதில் விழுந்தால் இன்னும் மோசம், கேணியே அவர் பேரில்தான் நிற்கிறது.

"ஏங்க, என்ன ஆச்சு?" என்றார் வாத்தியார்.

"காலையில ரெண்டு குழிக்குத் தோட்டா போட்டிருக்குதுங்க."

அன்று வேட்டு வைக்கவில்லை. தோட்டாவை எடுத்துவிட்டு மறுநாள் புதிதாகப் போட்டார்கள். கேணிச் சொந்தக்காரர் செல்லதுரை, ஒரு நாள் ஏன் சும்மா போனது என்று கேட்டதற்குப் பாவாடை, "மேஸ்திரிக்குக் காது வலிங்க" என்று பதில் சொன்னார்.

ராத்திரி சாப்பிடும்போது ராசாங்கம் மகளிடம் சொன்னார்: "வாத்தியார் சொன்னதயே பரீச்சையில குறி. நம்ம விடை நமக்கு. அவங்க விடை அவங்களுக்கு."

"நம்ம விடை தப்பாப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா. மார்க்கு இல்ல, அவ்வளவுதான்."

பரீட்சையில் அந்தக் கேள்வி வரவேயில்லை. வேம்பு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினாள். விக்கிரமங்கலத்து உரக்கடைக்காரர் மகள் செல்வம்மாளும் தொண்ணூற்றாறு. இடம் ஒன்று. இரண்டு பேரும் பெற்றவரோடு அரியலூருக்கு வர வேண்டும், நேரில் ஐந்து கேள்வி கேட்டு முடிவு செய்வார்கள் என்று கடிதம் வந்தது.

கடிதத்தில் இருந்த தேதியில் கேணி நாற்பது அடியில் பாறையோடு நின்றது. செல்லதுரை இனி ஒரு நாளும் பொறுக்க மாட்டார். காலையில் மூன்று குழிக்குத் தோட்டா இறக்கிவிட்டு, "பதினோரு மணிக்குத் திரி வை, மச்சான். அவசரப்படாதே," என்று சொல்லிவிட்டு ராசாங்கம் பஸ் ஏறினார்.

"நீ காத பத்திரமா பார்த்துக்க," என்றார் பாவாடை.

அரியலூரில் அறைக்குள் ஒரு அதிகாரியும் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றவர் பிள்ளைக்குப் பின்னால் சுவரோரம் நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. செல்வம்மாள் முதலில் போனாள். ஐந்துக்கு நாலு. உரக்கடைக்காரர் வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு வுட்டுட்டா," என்று ராசாங்கத்திடம் பொதுவாகச் சொன்னார்.

வேம்பு முதல் நாலையும் சொல்லிவிட்டாள். நாலாவதற்கு அதிகாரி கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார். பியூன் உள்ளே வந்து, "மணி பதினொண்ணு ஆவப்போவுது சார், டீ கொண்டாரட்டுமா?" என்றான்.

"இது முடியட்டும். பாப்பா, கடைசிக் கேள்வி. வெளிச்சத்துக்கு இருட்டு. அப்படின்னா நீருக்கு?"

வேம்பு வாயைத் திறந்து மூடிக்கொண்டாள்.

ராசாங்கம் அவளுடைய பின்னந்தலையைப் பார்த்தார். அவளுக்கு விடை தெரியும். தெரிந்ததனால்தான் நிற்கிறாள். அவள் சொன்னால் அவர் காதில் விழும், அவர் காதில் விழுகிற நேரத்தில் அங்கே பாவாடை திரியோடு குனிந்திருப்பார். செவப்பு என்று சொன்னால் விடை தப்பு. பாறை என்றாலும் தப்பு. வெளியே போகலாம் என்று பார்த்தால், நடுவில் போன தகப்பனை என்ன நினைப்பார்களோ. அவர் தலையைச் சொறிகிற மாதிரி இரண்டு கையையும் மெதுவாகக் காதுப் பக்கம் கொண்டுபோனார். தலைமை ஆசிரியை பார்த்தார். கைகள் அங்கேயே நின்றுவிட்டன.

"தெரியாதா பாப்பா?" என்றார் அதிகாரி.

"தெரியுங்க சார். எழுதிக் காட்டலாங்களா?"

"ஏன், வாய் இல்லையா?"

"இருக்குங்க. எழுதினா இன்னும் சரியா இருக்குங்க."

தலைமை ஆசிரியை ஒரு தாளைத் தள்ளினார். வேம்பு எழுதினாள். தாளைத் திருப்பி வைத்தபோது ராசாங்கத்துக்கு அது முழுதாகத் தெரிந்தது. ஒரு கொம்பு, ஒரு சுழி, மேலே ஒரு புள்ளி. கோழி கிளறின மாதிரி இருந்தது. நாற்பத்திரண்டு வயதில், படிக்கத் தெரியாதது அன்றுதான் முதன்முதலாக அவருக்கு உபயோகப்பட்டது.

அதிகாரி தாளை எடுத்தார். படிக்கிறவர்களுக்கே உரிய பழக்கத்தில் வாய்விட்டுப் படிக்க உதட்டைப் பிரித்தார்.

"சரிங்களா சார்?" என்றாள் வேம்பு, கொஞ்சம் சத்தமாக.

"சரிதான்," என்றார் அவர். தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். "டீ கொண்டுவரச் சொல்."

"கையெழுத்து நல்லா இருக்கு," என்றார் தலைமை ஆசிரியை. இடம் வேம்புக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது பெரம்பலூரில் பஸ் மாற வேண்டியிருந்தது. அங்கே ராசாங்கம் ஒரு நிலக்கடலைப் பொட்டலம் வாங்கி முழுசாக மகளிடம் கொடுத்தார். கேணிக்கரையில் பாவாடை உட்கார்ந்திருந்தார். ராசாங்கம் முதலில் அவர் கையைத்தான் பார்த்தார். இடது கையில் ஐந்து, வலது கையில் மூன்று.

"மூணும் ஒழுங்கா வெடிச்சிது," என்றார் பாவாடை. "என்னா, எடம் கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

"அப்ப கூடைக்கு வேற ஆளு பாக்கணும்."

அடுத்த வாரம் நாற்பத்து மூன்று அடியில் வடகிழக்கு மூலையில் ஊற்று கண்டது. ராசாங்கம் கையை வைத்துப் பார்த்தார். காயவில்லை. அறுபத்திரண்டாவது கேணி, ஐம்பத்து நாலாவது தண்ணீர்.

ஜூனில் வேம்புவைத் திருச்சிக்குக் கொண்டுபோய் விட அவரே போனார். தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். எங்கும் குழி போடவில்லை, தோட்டா இறங்கவில்லை, அடுத்த கேணி ஆடிக்குப் பிறகுதான்.

"ஏம் ஆத்தா, அன்னைக்கு அந்தத் தாள்ல என்னாதான் எழுதின? இப்ப சொல்லலாம்."

"நெருப்புன்னு எழுதினேன்பா."

ராசாங்கம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். சாலையோரம் யாரோ வெட்டி, தண்ணீர் வராமல் விட்டுப்போன ஒரு கேணி கடந்து போனது. கரையில் மேடு அப்படியே இருந்தது.

"அவங்களுக்கு அதான் வேணும்னா இருந்துட்டுப் போவட்டும்," என்றார். "ஆனா பாறைதான்."