மினிட்ஸ் அக்காவும் பதினோராவது பொருளும்

எங்கள் நகர மன்றத்தில் பதின்மூன்று உறுப்பினர்கள், ஒரு தலைவர், இரண்டு மின்விசிறிகள், ஒரு மினிட்ஸ் அக்கா. இதில் ஒழுங்காக வேலை செய்தது கடைசியில் சொன்ன ஆள் மட்டும்தான். மின்விசிறிகளில் ஒன்று சுற்றாது. உறுப்பினர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் ஏழாவது வார்டு. பூட்டு விற்பதும் ரிப்பேரும் சாவி செய்வதும் என் தொழில். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் எந்த நேரமென்று பார்க்காமல் போய்க் கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன். அந்த நன்றிக்கு ஓட்டுப் போட்டார்கள். போட்டவர்களுக்கு எட்டு வருடமாக நான் என்ன கிழித்தேன் என்று கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

அக்காவுக்குச் சம்பளச் சீட்டில் ஒரு பெயர் உண்டு. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மன்றத்தில் யார் என்ன பேசினாலும் எழுதிக்கொள்வது அவர் வேலை. தலைவரின் மேடைக்கு இடப்பக்கம் ஒரு சின்ன மேசை, அதன் ஒரு காலுக்கடியில் நாலாய் மடித்த அட்டை. இரண்டு முனையும் சீவிய மூன்று பென்சில்கள். குனிந்த தலை நிமிராமல் சுருக்கெழுத்தில் எழுதித் தள்ளுவார். கூட்டம் நடக்கும்போது எழுத்தர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. கேட்டால் ஒழியப் பேசக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை. நான் வந்த எட்டு வருடத்தில் அவர் தும்மினதுகூட எனக்கு ஞாபகமில்லை.

வீட்டில் அவருக்குக் கண் தெரியாத ஓர் அண்ணன் மட்டும். சமைப்பது, துவைப்பது, அண்ணனுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவது எல்லாம் முடித்து ஒன்பதரைக்கெல்லாம் அலுவலகத்தில் இருப்பார். ஓய்வு பெற ஐந்து மாதம்தான் இருந்தது. ஓய்வூதியம் வந்தால்தான் இரண்டு பேருக்கும் சாப்பாடு.

எங்கள் கூட்டம் எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். தீர்மானங்களைக் கூட்டத்துக்கு முந்தின நாளே அக்கா டைப் அடித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வைத்துவிடுவார். ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று இருக்கும். கூட்டத்தில் தலைவர், "ஒண்ணுலேருந்து பதினாறு வரைக்கும், ஆட்சேபணை உண்டா?" என்பார். நாங்கள் மேசையைத் தட்டுவோம். டீ வரும். பிஸ்கட் தீர்ந்தால் கூட்டமும் தீர்ந்தது. அடுத்த கூட்டத்தில் தலைவர் புத்தகத்தில் கையெழுத்துப் போட, பின்னால் நாங்களும் போடுவோம். கூட்டத்தில் யாராவது எதையாவது கேட்டிருந்தால் அது அக்காவின் சுருக்கெழுத்து நோட்டில் இருக்கும். அந்த நோட்டு இரும்பு அலமாரிக்குள் போகும். அதை எடுத்துப் பார்த்தவரும் கிடையாது, பார்த்தாலும் படிக்கத் தெரிந்தவர் கிடையாது.

நான் சொல்ல வந்த கூட்டத்தில் பத்தாவது பொருள் சாக்கடை மூடி. பன்னிரண்டாவது தெருவிளக்கு. நடுவில் பதினொன்று: ‘வருகை குறைந்த தொடக்கப் பள்ளியை வேறு பள்ளியுடன் இணைத்தல்.’ நாங்கள் மேசையைத் தட்டினோம்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போனது. நாற்பத்தொரு பிள்ளைகள், இரண்டு டீச்சர், என் வார்டு. அடுத்த பள்ளிக்கூடம் லாரிகள் பறக்கிற பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். ஐந்து வயசுப் பிள்ளை அந்தச் சாலையைத் தாண்டிப் போக வேண்டும், வேறு வழி கிடையாது. அன்று மாலையே என் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் எதிர்த்தேங்க. கரடியாக் கத்தினேன். கேக்கலை."

நான் மட்டுமில்லை. பதின்மூன்று வார்டிலும் பதின்மூன்று பேரும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் எதிர்த்திருந்தால் தீர்மானத்தை நிறைவேற்றியது அந்தச் சுற்றாத மின்விசிறியா?

மறுநாள், அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிற, பேக்கரியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா கடைக்கு வந்தார். கையில் மாவு ஒட்டியிருந்தது. அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து வாங்கின நகலை, நான் அரத்தால் ராவிக்கொண்டிருந்த சாவிக்கு மேலே வைத்தார்.

"படிங்க சார்."

படித்தேன். ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.

"ஏகமனதாகன்னா எல்லாரும் ஒரே மனசாத்தானே? அதுல உங்க மனசு இருந்துதா இல்லையா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு போய்விட்டார்.

அன்று மதியம் கடையை அடைத்துவிட்டு அக்காவிடம் போனேன். சாப்பாட்டு நேரம், அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை.

"அக்கா, அன்னிக்கு நெஜமாவே யாரும் எதிர்க்கலையா?"

அக்கா டப்பாவை மூடினார். கையைக் கழுவிவிட்டு வந்து அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தார். விரலால் ஒரு வரியைத் தொட்டார். எனக்கு அந்த எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது.

"மூணாவது வார்டு எதிர்த்தாங்க."

மூன்றாவது வார்டு இஸ்திரிக் கடை அம்மா. மெதுவாகப் பேசுவார். பேசினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

"அவங்க தலைவர்கிட்ட ரெண்டு தடவை வந்து சொல்லிட்டாங்க, நான் எதிர்த்தேன்னு. புத்தகத்துல இல்லையேம்மான்னு சிரிச்சிட்டாரு."

"நோட்டுல இருக்குல்ல?"

"நோட்டுல இருக்கு. புத்தகத்துல நான் ஏத்தலை."

"ஏன்க்கா?"

"முந்தின நாளே டைப் அடிச்சாச்சு தம்பி."

பிறகு விதியைச் சொன்னார். ஒரே ஒருவர் எதிர்த்தாலும் பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்க வேண்டும். எடுக்காத தீர்மானம் செல்லாது. ஆனால் அடுத்த கூட்டத்தில் தலைவர் கையெழுத்துப் போடுவதற்குள் திருத்தினால்தான் உண்டு. போட்டுவிட்டால் கடவுளே வந்தாலும் முடியாது. நோட்டைப் படிக்கச் சொல்லி இரண்டு உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

"இஸ்திரி அம்மா ஒருத்தங்க. நான் ஒருத்தன்."

"நீங்க கேட்டா நான் எழுதினதைப் படிப்பேன். முழுசாப் படிப்பேன். உங்களதும் அதுல இருக்கு."

அது என்ன என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"தப்பா ஏத்தினேன்னு நானே சொல்ற மாதிரி ஆகும். விசாரணை வைப்பாங்க. வெச்சா, முடியற வரைக்கும் ஓய்வூதியத்தை நிறுத்தி வைப்பாங்க." சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். "நானாப் பேசக் கூடாது. கேட்டா, இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. கேக்கறதும் விடறதும் உங்க இஷ்டம்."

அடுத்த கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பத்து நாளும் கேட்காமலிருக்கத்தான் காரணம் தேடினேன். அக்காவின் வயிற்றில் அடிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! உண்மையில் நான் பயந்தது அந்த நோட்டில் என்னைப் பற்றி இருந்த வரிக்கு. இஸ்திரி அம்மாவும் அந்த விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்; ஒரு நாள் கடைப் பக்கம் வந்து, "தம்பி, எழுந்திருப்பீங்கள்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

கூட்டத்தன்று பின்பெஞ்சுகளில் பெற்றோர் உட்கார இடமில்லாமல் நின்றார்கள். போன கூட்ட நடவடிக்கையை உறுதி செய்வதுதான் முதல் வேலை. தலைவர் பேனா மூடியைக் கழற்றினார். இஸ்திரி அம்மா எழுந்து, நோட்டைப் படிக்க வேண்டும் என்றார். வழக்கம்போல் யாரும் சட்டை பண்ணவில்லை. தலைவர் பேனாவைத் தாளில் வைக்கப் போனார்.

என் கால்கள் எழுந்த பிறகுதான் நான் எழுந்தேன். "ரெண்டாவது ஆளா நானும் கேக்கறேன். படிக்கச் சொல்லுங்க."

தலைவர் முகத்தில் ஈ ஆடவில்லை. அக்கா நோட்டோடு எழுந்து நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மண்டபம் கேட்காத குரல். ஏற்ற இறக்கம் எதுவும் கிடையாது. கடைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல் வாசித்தார்.

"தலைவர்: ஒண்ணுலேருந்து பதினாறு வரைக்கும், ஆட்சேபணை உண்டா? மூன்றாவது வார்டு: பதினொண்ணு வேண்டாங்க. அந்தப் பிள்ளைங்க எப்படிப் போகும்? தலைவர்: அப்புறம் பேசிக்கலாம்மா. மூன்றாவது வார்டு: அப்புறம்னா எப்ப? லாரி போற ரோடுங்க அது. ஏழாவது வார்டு: ஏம்மா, சட்டுனு முடிங்க, கடையில ஆள் நிக்குது. உறுப்பினர்கள்: சிரிப்பு. தலைவர்: நிறைவேற்றப்பட்டது."

சிரிப்பைக்கூட எழுதியிருந்தார். பின்பெஞ்சில் பேக்கரி அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

"அப்ப டைப்ல ஏன் இது இல்லை?" என்று தலைவர் பாய்ந்தார். யார் தலையிலாவது கட்ட வேண்டுமே.

"அது என் தப்புங்க," என்றார் அக்கா. "முந்தின நாளே அடிச்சு வெச்சிடறேன். நீங்க என்ன பேசினாலும் அது மாறாது."

பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு நடந்தது. இங்கேதான் வேடிக்கை. வார்டில் போய் ‘நான் எதிர்த்தேன்’ என்று அளந்துவிட்டவர்களால் இப்போது வார்டுக்காரர்களின் கண்ணெதிரே மாற்றிப் பேச முடியவில்லை. தன் பொய்யைக் காப்பாற்றுவதற்காகவே ஆறு பேர் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றினார்கள். எட்டுக்கு ஐந்து. தீர்மானம் ரத்து. பெற்றோர் கைதட்டினார்கள், ஒரு சின்னப் பெண் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தாள். அக்கா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கைதட்டலையும் எழுதியிருப்பார்.

மூன்றாம் நாள் அவருக்கு மெமோ வந்தது. தவறான பதிவு குறித்து ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், விசாரணை முடியும்வரை ஓய்வூதியக் கோப்பு நகராது.

கேள்விப்பட்டதும் ஓடினேன். அக்கா அதே சின்ன மேசையில் உட்கார்ந்து விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அலமாரியிலிருந்து இறக்கின பழைய நோட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன.

"அக்கா, நாங்க எல்லாரும் உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டுத் தர்றோம். பதின்மூணு பேரும்."

"ஏகமனதாவா?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு ஒரு நோட்டைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். "உங்களுக்குப் படிக்க வராது. நானே சொல்றேன். இது நீங்க வந்த முதல் வருஷம். பஸ் நிலையக் கழிப்பறையைப் பூட்டக் கூடாதுன்னு எழுந்து பேசினீங்க. ‘நான் பூட்டு விக்கிறவன், நானே சொல்றேன், பூட்டாதீங்க’ன்னு. நல்லா இருந்துது, நான் மனசுக்குள்ள சிரிச்சேன். அந்த வருஷம் அஞ்சு தடவை எதிர்த்திருக்கீங்க. அஞ்சு தடவையும் ஏகமனதாகன்னுதான் ஏத்தினேன். நீங்க அதைப் பார்த்தீங்க. ஒண்ணும் சொல்லாம கையெழுத்துப் போட்டீங்க. அப்புறம் ஏழு வருஷமா நீங்க சொன்னதெல்லாம் ‘சட்டுனு முடிங்க’தான்."

அப்படி ஒருத்தன் எனக்குள் இருந்தான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"உங்களை மட்டுமில்லை தம்பி. வர்றவங்க எல்லாரும் முதல் வருஷம் பேசறாங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கூட்டம்கூட ஏகமனதா நடக்கலை. யாராவது ஒருத்தர் எதையாவது கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. பேசி என்ன பிரயோசனம்னு அவங்களை நெனைக்க வெச்சது நான்தான்." பழைய நோட்டுகளின் மேல் கையை வைத்தார். "இதையெல்லாம் விளக்கத்துல எழுதணும்."

நான் நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளினேன். "வேண்டாம்க்கா. அவங்க கேட்டது ஒரே ஒரு தீர்மானத்தைப் பத்தித்தான். கைத்தவறுன்னு எழுதிட்டு விட்டுடுங்க. இதையும் எழுதினா மொத்த நோட்டையும் தோண்டுவாங்க. அண்ணனை நெனைச்சுப் பாருங்க."

"அண்ணன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். படிச்சுக் காட்டறப்ப பாதியை விழுங்காதேன்னாரு."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். முதல் வருடம், முதல் கூட்டம், முதல் எதிர்ப்பு. யார், என்ன சொன்னார். தேதி போட்டு எழுத ஆரம்பித்தார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். "பூட்டுக் கதை வர்ற இடத்துல எனக்குக் கொஞ்சம் இடம் விடுங்கக்கா," என்றேன். "தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்னு என் கையாலேயே எழுதறேன்."