சம்பூரணம், ரோகிணி

ஐந்தாம் வகுப்பில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் சார்ட்டில் நாலு கிளை வரைந்து, போட்டோ ஒட்டி, வேலையை முடித்துக்கொண்டார்கள். நான் அப்படி இல்லை. யார் எதைச் சொன்னாலும் நம்பாத பிறவி. வீட்டில் மிக்சர் டப்பா காலியானால் ஒவ்வொருவர் கையையும் மோந்து பார்ப்பேன்.

அந்த வாரம்தான் அத்தை கல்யாணத்துக்காகப் பூவாடைக்காரி படையல். சுமங்கலியாகச் செத்துப்போன வீட்டுப் பெண்களுக்குப் புதுப்புடவையும் பூவும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் எங்களில் கல்யாண வேலையே தொடங்கும். இரண்டு புடவை வாங்கியிருந்தார்கள். ஒன்று, இரண்டு வருடம் முன்பு போய்ச்சேர்ந்த பாட்டிக்கு. இன்னொன்று யாருக்கு என்று அத்தையைக் கேட்டேன்.

"தாத்தாவோட மொத சம்சாரத்துக்கு. கல்யாணம் ஆன புதுசுலயே செத்துப்போச்சாம். பேரெல்லாம் எனக்குத் தெரியாது, போ."

பெயர் இல்லாமல் மரத்தில் எப்படி எழுதுவது? தாத்தா இல்லாத நேரம் பார்த்து அவருடைய தகரப்பெட்டியைக் குடைந்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று அகப்பட்டது. மணமகன் தாத்தா, மணமகள் சம்பூரணம். அதோடு விட்டிருக்கலாம். அடியில் அர்ச்சனைச் சீட்டுகள் ஒரு கட்டு இருந்தன. கிருத்திகைதோறும் தாத்தா எங்கள் எல்லோருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதி மலைக்குக் கொண்டுபோவார். பிறகு சீட்டை எறிய மனம் வராமல் சேர்த்து வைப்பார். பாட்டி செத்த மாதத்திலிருந்து பாட்டியின் பெயர் இல்லை. ஆனால் எல்லாச் சீட்டிலும், போன மாதச் சீட்டிலும்கூட, கடைசி வரி ஒன்றுதான்: சம்பூரணம், ரோகிணி.

உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அர்ச்சனை என்பது திருத்தணியில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா?

படையலன்று தாத்தாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாட்டியின் புடவைமேல் பூ வைத்தார். அடுத்த புடவையிடம் வந்ததும் விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டார். பாட்டியின் புடவையை வழக்கப்படி அத்தை கட்டிக்கொண்டாள். மற்றதைத் தாத்தா மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டார்.

"கோயில்ல குடுத்துட்றேன்."

"வள்ளிக்கா, தெய்வானைக்கா?" என்று கேட்டேன். முறைத்தார்.

மறுநாள் காலை அந்தப் பை மலைப்பக்கம் போகாமல் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போனது. நானும் பின்னாலேயே போனேன். டிக்கெட் கவுண்டரில் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ இன்னாத்துக்கு வந்துகினு கீற?"

"செத்தவங்களுக்கு அர்ச்சனை பண்ணுவாங்களா தாத்தா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. கவுண்டர் பக்கம் திரும்பி இன்னொரு டிக்கெட் வாங்கினார். "அத்த கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காத. மாப்ள வூட்ல தெரிஞ்சா நின்னுபூடும். ஒங்க அத்த பாவம்."

மணவூரில் இறங்கி ஒரு ஓட்டு வீட்டுக்குப் போனோம். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. பையைத்தான் பார்த்தார்.

"இன்னா, வூட்ல கல்யாணமா?"

"ஆங். பொண்ணுக்கு."

அவர் புடவையைப் பிரித்தார். "புள்ள கல்யாணத்துக்குப் பச்ச. இந்த தபா அரக்கா?" ஓரத்தில் இருந்த மஞ்சள் கறையைத் தடவிவிட்டுச் சிரித்தார். "நான் ஒரு தபா செத்தாதான் ஒங்க வூட்ல மேளம் கொட்டும்."

தாத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சிரித்ததால் நானும் சிரித்தேன். என் கண்டுபிடிப்பு சரியாகிவிட்டதே என்ற பெருமை வேறு. பிள்ளை இல்லை என்று மூன்றாம் வருடமே அவரைத் தாய்வீட்டுக்கு அனுப்பியதும், பாட்டியைப் பெண் கேட்கப் போன இடத்தில் மொதல் சம்சாரம் செத்துவிட்டாள் என்று சொல்லிவைத்ததும் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

கிளம்பும்போது அவர் என் தலையைக் கோதி, பெயர் கேட்டார். சொன்னேன்.

"நட்சத்திரம்?"

இவருக்கு எதற்கு என் நட்சத்திரம்? செய்வினை கிய்வினை வைத்துவிட்டால்? சித்திரை நட்சத்திரத்தில் பிறந்த நான், கூசாமல் பரணி என்றேன்.

அவர் மெஷின்மேல் இருந்த அளவு நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில், தாத்தாவின் அர்ச்சனைச் சீட்டு மாதிரியே, வரிசையாக எங்கள் வீட்டுப் பெயர்கள் நட்சத்திரத்தோடு இருந்தன. அதற்குக் கீழே, பென்சிலை நாக்கில் தொட்டு, என் பெயரையும் பரணி என்றும் பொறுமையாக எழுதிக்கொண்டார்.