பூஜையறைக்குப் போன பக்கம்

நடந்தவை, வரிசையாக:

1. தோழியும் நானும் செய்துவரும் புகைப்படக் கதைப் புத்தகத்துக்காக, அம்மாவின் பழைய நூல் புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு சன்னலோரம் நின்றேன். தோழி படம் எடுத்தாள். அது என் கைபேசியில் இருந்தது.
2. வரன் பார்ப்பதற்காக ஸ்டுடியோவில் என்னை வேறொரு படம் எடுத்தார்கள். அதில் முகம் மாவு பூசியதுபோல இருந்ததால் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.
3. நான் குளிக்கப் போயிருந்தபோது அம்மா என் கைபேசியில் புடவைப் படம் தேடி, கிடைத்ததைத் தரகருக்கு அனுப்பினாள்.
4. புதுச்சேரியில் கதிர்காமத்திலிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் அதைப் பிரிண்ட் போட்டு, என் ஜாதகத்தோடு சாமி படத்தின் முன் வைத்தார்கள்.

நான்காவது தெரிந்த பிறகுதான் மூன்றாவது எனக்குத் தெரியவந்தது.

ஜாதகம் வந்தால் சாமி முன் வைத்துச் சில நாள் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த நாட்களில் வீட்டில் கெட்டது எதுவும் நடக்காவிட்டால் சாமிக்குச் சம்மதம். அவர்கள் வீட்டில் கெட்டது நடக்கவில்லை. எழுதிப் போட்டு நெடுநாளாக வராத குடிநீர் இணைப்புகூட வந்துவிட்டதாம். மாப்பிள்ளையின் அம்மா மகிழ்ச்சியில் பூஜையறையைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தார்.

"பாருடி, மூலைக்கு மூலை குங்குமம் வெச்சிருக்காங்க" என்று அம்மா கைபேசியை நீட்டினாள்.

"யம்மா, இது எந்த ஃபோட்டோ?"

"உன் ஃபோட்டோதான். என் பொடவ, உன் மூஞ்சி. இன்னா அடக்கமா இருக்குது பொண்ணுன்னு அந்தம்மா சொல்லிச் சொல்லி மாளல."

அது எங்கள் புத்தகத்தின் நடுப்பக்கம். கதை வெள்ளைக்காரன் காலத்துப் புதுச்சேரியில் நடக்கிறது. நாயகி பஞ்சாலையில் வேலை செய்பவள், நாங்கள் உருவாக்கியவள். அந்தப் பக்கத்தில் மில் சங்கு ஊதுகிறது. அவள் ஆசைப்பட்டவன் இன்னும் சற்று நேரத்தில் அந்தத் தெருவழியே வருவான். அன்று மாலை கணவன் வீட்டை விட்டுப் போவதென்று அவள் முடிவெடுத்துவிட்டாள். அவள் தலைக்கு மேல் இருக்கும் கட்டத்தில் நான் எழுதிய வரி: "அவன் வரட்டும். வராவிட்டாலும் நான் போவேன்." அம்மா அனுப்பிய படத்தில் இந்த வரி இல்லை. எழுத்துகளை நான் பிறகுதான் சேர்த்தேன்.

அந்தப் படத்துக்கு முதலில் வேறு ஆள்தான் தேடிப் பார்த்தோம். கேட்ட பெண்கள் எல்லாரும் முதுகு வேண்டுமானால் எடுத்துக்கொள், முகம் வேண்டாம் என்றார்கள். கதை எழுதுவதும் கணினியில் பக்கம் அமைப்பதும் என் வேலை. ஆள் கிடைக்காததால் நானே நின்றேன்.

"ஏய், பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்காத. உனக்கு வேணும்னு ஆசப்பட்டத நெனச்சுக்கோ" என்றாள் தோழி.

நினைத்தேன். கண்கள் தாமாகத் தாழ்ந்தன. மாப்பிள்ளையின் அம்மா அடக்கம் என்று பார்த்தது அதைத்தான்.

பூஜையறைப் படம் வந்த அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். "இவ புருஷன உட்டுட்டுப் போறவம்மா."

"யாரு?"

"படத்துல இருக்கிறவ."

"படத்துல இருக்கிறது நீதான்டி." அம்மா உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது அவளிடம் தீர்வு இருந்தது. "அந்தப் பக்கத்த எடுத்துடு. இல்லன்னா மூஞ்சிய மாத்து. கம்ப்யூட்டர்தான படிச்ச?"

மாற்ற முடியும் என்பதுதான் சிக்கல். தெரியாத வேலையாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தின் மேல் மெல்ல நிழலை ஏற்றினேன். புடவை அப்படியே இருந்தது, சன்னலும் இருந்தது. முகம் போனதும் அவள் குற்றச் செய்திகளில் வரும் பெண்போல ஆகிவிட்டாள், ஏதோ அவமானம் நேர்ந்து ஊருக்கு முன் மறைக்கப்பட்டவள்போல. அவளுக்கு எதுவும் நேரவில்லை. அவள்தான் ஒன்றைச் செய்யப் போகிறாள்.

தோழியைக் கூப்பிட்டேன். "உன் மூஞ்சி. நீ இன்னா சொல்றியோ அதுதான்" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூலக்குளத்தில் எங்கள் வீடு சின்னது. சமையலறையிலிருந்து கேட்டால் எந்த அறையிலும் பதில் சொல்லியாக வேண்டும். அம்மா தினமும் கேட்டாள், "எடுத்துட்டியா?" நான் தினமும் "பாத்துக்கறேன்" என்றேன். மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிடு என்று நான் கேட்டபோது, "சாமி சொன்னதுக்கு மேல நான் இன்னாத்த சொல்றது?" என்று அவள் கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

இப்போதைய நிலை இது. முகம் உள்ள பக்கத்தை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். படத்தில் கட்டியிருந்த அதே புடவையைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அதைக் கஞ்சி போட்டுக் கொடியில் காயவைத்திருக்கிறாள். புத்தகம் அதற்குப் பிறகுதான் வரும்.